கையெழுத்துக்கு நாலு வரி

சரிபுதீன் மாஸ்டருக்கு டைப் அடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. அட்டன் கடைத்தெருவில் அவருக்கு இருந்தது ஒரு துணிக்கடை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரனின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது, இரண்டு டைப்ரைட்டரும் ஒரு மாதிரிக் கடிதப் புத்தகமும் சேர்ந்து அவர் தலையில் விழுந்தன. விற்றுப் பார்த்தார், போகவில்லை. கடைக்கு மேலே துணி மூட்டை அடுக்கியிருந்த மச்சில் இரண்டு மேசையைப் போட்டு, "சரிபுதீன் டைப்பிங் ஸ்கூல்" என்று பலகை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் கீழே முதலாளி, மேலே மாஸ்டர்.

சிங்களம்தான் இனி ஆட்சிமொழி என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. இந்த நேரத்தில் இங்கிலீசு டைப்பிங்கை எவன் படிப்பான் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் அசரவில்லை.

"சட்டம் கொழும்புல இருக்கு. தேயிலை லண்டனுக்குப் போகுது. லண்டன்காரனுக்குச் சிங்களம் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அடிக்கத் தெரியாத மனுசன் அப்படி எதைத்தான் சொல்லிக் கொடுப்பார்? ஓரம். சும்மா சொல்லக்கூடாது, ஓரம் விடுவதில் அவரை மிஞ்ச இந்த மலைநாட்டில் ஆளில்லை. காலமெல்லாம் துணி அளந்த கை. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுத்து அப்படியே காகிதத்தின் மேல் வைப்பார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், வலப்பக்கம் ஒன்று. தேதி வலது மேல் மூலையில். யாருக்குப் போகிறதோ அவர் பேரும் விலாசமும் இடப்பக்கம். ஒரு வரி விட்டு 'ஐயா'. விஷயத்துக்கு அடியில் ஒரு கோடு. எல்லாம் முடிந்து 'தங்கள் உண்மையுள்ள' என்று அடித்த பிறகு, கையெழுத்துக்கு நாலு வரி வெறும் இடம். அதற்கும் கீழேதான் அனுப்புகிற பெரிய மனுசனின் பதவி.

"நாலு வரி விடாட்டி அவரு எங்க மகள் கையெழுத்துப் போடுவாரு? ஒங்க தலையிலயா?" என்பார்.

அந்த 'மகள்'தான் பூரணி. வட்டவளைக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண். எட்டாவது வரை படித்தவள். இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசித்துப் பொருளைப் பிடித்துக்கொள்வாள். ஆறு நாள் கொழுந்துக் கூடை, ஏழாவது நாள் ரயிலேறி அட்டனுக்கு டைப்பிங். கொழுந்து பறிக்கிற கை என்றால் மெஷினில் பறக்கும் என்று மாஸ்டர் ஆசைப்பட்டார். மண்ணாங்கட்டி! கொழுந்துக்குச் சுண்டுவிரல் வேண்டியதில்லை. டைப்புக்கு அது இல்லாமல் முடியாது. பிறந்ததிலிருந்து சும்மா இருந்து பழகிய அவள் சுண்டுவிரல், தட்டு என்றால் தடவியது. இருந்தாலும் விடாப்பிடியாகப் போய் வந்தாள். என்றைக்காவது ஒருநாள் ஏதாவது ஓர் ஆபீசில் கூரைக்குக் கீழே, நனையாமல் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மழையில் கொழுந்தெடுத்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவள் அம்மா அம்மாக்கண்ணுக்கு இதெல்லாம் பிடிக்காது. "ஞாயித்துக்கெழமை வெறகு பொறுக்க நாதியில்ல. இவ ரயிலேறிப் போயி டக்கு டக்குன்னு தட்டிட்டு வர்றா" என்று திட்டுவாள். அப்பா ஆண்டியப்பன் மட்டும் மகள் பக்கம். தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற மனுசன். கத்தியைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாதவர். மகள் மெஷின் முன்னால் உட்காருகிறாள் என்பதே அவருக்குப் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம், ஆளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். புத்தகத்தில் அதற்கு மட்டும் மூன்று மாதிரி இருந்தது.

"புஸ்தகத்துல உள்ளதெல்லாம் மவுத்தாப்போன வெள்ளைக்காரன் பேரு. ஒங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனியப் போடுங்க, தெரிஞ்ச ஆளப் போடுங்க. அப்பத்தான் பாடம் மண்டையில நிக்கும்" என்றார் மாஸ்டர்.

பூரணிக்குத் தெரிந்த கம்பெனி ஒன்றே ஒன்றுதான். உச்சியில் கல்லுமலைத் தோட்டம், வட்டவளை என்று நடுவாக அடித்தாள். இடப்பக்கம், பெறுகிறவர் பேர்: எஸ். ஆண்டியப்பன், ஏழாம் நம்பர் லயம். பிறகு புத்தகத்தில் உள்ளபடி இங்கிலீசில்: ஐயா, தங்கள் சேவை இந்தத் தோட்டத்துக்கு இனித் தேவையில்லை என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறோம், மாத முடிவில் தங்கள் இருப்பிடத்தைக் காலி செய்து ஒப்படைக்கவும். நாலு வரி விட்டாள். கீழே, தோட்டத்தை நடத்தும் துரை.

பாருங்கள், என்றைக்கும் நாலு இடத்தில் சறுக்கும் விரல், அன்றைக்கு ஓர் எழுத்துப் பிசகவில்லை. மாஸ்டர் நாலு பக்கமும் நாடா வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"மாஷா அல்லாஹ்! மகள், இதுக்கு மேல என்ன இருக்கு சொல்லித்தர? வீட்டுல கொண்டுபோய் வாப்பாக்குக் காட்டுங்க."

காட்டினாள். குப்பி லாம்பு வெளிச்சத்தில் காகிதத்தை விரித்து, "இந்தா பாருங்கப்பா, இதுதான் உங்க பேரு" என்று விரல் வைத்தாள்.

ஆண்டியப்பன் தன் பேரைக் கேட்டிருக்கிறாரே தவிரப் பார்த்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடுவார், இவர் "ஐயா" என்பார், அத்தோடு சரி. இப்போது அது கறுப்பு மையில், நேர்கோட்டில், இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டு உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"என்னா புள்ள எழுதிருக்கு?"

பெற்ற அப்பனிடம், உங்களை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது என்று விளையாட்டுக்குக்கூட எப்படிச் சொல்வது? "சும்மா பழகுறதுக்கு அடிச்சதுப்பா. தோட்டத்துலேருந்து உங்களுக்குக் கடுதாசி வர்ற மாதிரி" என்று மழுப்பிவிட்டாள். தோட்டத்திலிருந்து தனக்குக் கடுதாசியா! அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அவள் லயத்துக்குத் திரும்பியபோது, அப்பா வாசலிலேயே நின்றார். வாயெல்லாம் பல்.

"தாயி! துரையே கையெழுத்துப் போட்டுட்டாரு!"

"எதுலப்பா?"

"எதுலயா? நீ அடிச்ச கடுதாசியிலதான். காலையில பெரட்டு முடிஞ்சு ஆபீசுல கிளாக்கரய்யாகிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். என் பேரு, எம் மக அடிச்சதுன்னு சொன்னேன். அவரு பாதியிலயே எந்திரிச்சு உள்ள கொண்டுபோயிட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு இப்புடித் திரும்பி வருது!"

பூரணி வாங்கிப் பார்த்தாள். நீல மையில் துரையின் கையெழுத்து, மேலே முட்டாமல் கீழே இடிக்காமல், அந்த நாலு வரிக்குள் கச்சிதமாக விழுந்திருந்தது. உச்சியில் ஆபீஸ் முத்திரை. ஓரத்தில் கிளாக்கர் கையால் ஒரு நம்பர் வேறு.

"ஐயோ அப்பா! இது பத்துச்சீட்டுப்பா!"

தோட்டத்தில் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. பத்துச்சீட்டு என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் குடியிருக்கும் காம்பரா இல்லை. காம்பரா இல்லை என்றால் சட்டி பானையோடு நடுரோடு. அவள் அழுதுகொண்டே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஆண்டியப்பன் நம்பவில்லை.

"போ புள்ள. அம்புட்டு அழகா அடிச்ச கடுதாசியில அப்புடியா எழுதுவாங்க?"

அடுத்த நாள் பெரட்டில் அவர் பேர் கூப்பிடப்படவில்லை. அப்போதுதான் நம்பினார். எல்லாரும் மலைக்கு ஏறிய பிறகும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டு வெறுங்களத்தில் நின்றாராம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். பூரணிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அம்மாக்கண்ணு அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தினாள். "படிக்கப் போறேன் படிக்கப் போறேன்னு போயி, குடியிருக்கிற காம்பராவுக்கே குழி தோண்டிட்டு வந்திருக்கா! இதுக்கு நீ வெறகே பொறுக்கியிருக்கலாம்டி!"

அடுத்த காம்பராக் காளியாயிக்கு மெல்ல அவல் கிடைத்தது. "பெத்த அப்பனுக்கே பத்துச்சீட்டு அடிச்ச புள்ளைய இந்த மலையில இப்பத்தான் பாக்குறேன்" என்று தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் வைத்துச் சொன்னாள். ஆனால் பொழுது சாய்ந்ததும் ஒரு தட்டில் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான்.

தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போனார்கள். அவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எத்தனையோ பத்துச்சீட்டுப் பாத்திருக்கேன். வரி கோணலா இருக்கும், தேதி இருக்காது, பேரு தப்பா இருக்கும். அத வச்சு ஏதாவது பேசலாம். இது ஒரு கொறையுமில்லாம இருக்கே! இதுல எங்க கை வைக்கிறது?" என்று கையை விரித்துவிட்டார்.

கடைசியில் பூரணி ஆபீசுக்கே போனாள். பெரிய கிளாக்கர் அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். வெற்றிலைப் பெட்டியும் விறைத்த முகமுமாக இருப்பார். லயத்துப் பெண் ஆபீஸ் படி ஏறுவது வழக்கமில்லை என்பதால் அவள் படிக்குக் கீழேயே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தக் கடிதத்தை அடித்தது நான், அது பாடம், துரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அருளம்பலம் முகத்தில் ஈயாடவில்லை. எழும்பி வந்து கதவைச் சாத்தினார். படியிறங்கி அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதை பிள்ளை. எனக்குத் தெரியும்."

"தெரியுமாங்கய்யா?"

"முதல் தெரியாது. உன்ரை கொப்பர் சிரிச்சுக்கொண்டு வந்து நீட்டினார். எம் மக அடிச்சதெண்டு ஏதோ சொன்னார். லயத்துப் பெட்டையாவது டைப் அடிக்கிறதாவது எண்டு நான் காதிலை போடேல்லை. வாசிச்சுப் பாக்கிறன், பத்துச்சீட்டு! துரையிட்டை பங்களாவிலை ஒரு சின்ன மெஷின் இருக்கு. அவர்தான் அடிச்சுக் குடுத்துப்போட்டுக் கையெழுத்து வைக்க மறந்திட்டார் எண்டு நினைச்சன். அதாலைதான் இந்தாள் சிரிக்கிறார், கையெழுத்தில்லாத சீட்டுச் செல்லாது எண்டு என்னை நக்கலடிக்க வந்திருக்கிறார் எண்டு எனக்குக் கோவம். கொண்டுபோய் மற்றக் கடிதங்களோடை வைச்சன். துரை வாசிக்கேல்லை. பாத்தார். கையெழுத்து வைச்சார்."

"அப்ப அவருகிட்ட சொல்லிடலாமேங்கய்யா?"

கிளாக்கர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கையெழுத்து வைச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சார் பிள்ளை. மூண்டு மாசமாய் என்ரை கடிதங்களைக் கோடு கோணல் எண்டு திருப்பி எறிஞ்ச மனுசன். 'மிஸ்டர் அருளம்பலம், இந்த ஆபீசிலை இருந்து வந்த முதல் ஒழுங்கான கடிதம் இதுதான். நீர்தானே அடிச்சது?' எண்டு கேட்டார். நான் என்ன சொல்லுறது?"

"என்னா சொன்னீங்க?"

"ஓம் சேர் எண்டு சொன்னன்."

நல்ல கதை! ஒரு மனுசன் பாராட்டுக்கு ஆசைப்பட்டு 'ஓம்' சொன்னான். இன்னொரு மனுசனுக்கு அடுப்பு அணைந்தது. பூரணிக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பாள். ஆனால் ஆத்திரப்பட்டு என்ன? கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அருளம்பலமும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, பயந்தவர், அவ்வளவுதான். "துரையே இஞ்சை அக்டிங். லீவிலை போன பெரிய துரை திரும்பி வந்தால் இவர் பெட்டி கட்டவேணும். அதுவரைக்கும் என்ரை பேரைக் கெடுத்துப்போடாதை பிள்ளை" என்று கெஞ்சினார். பிறகு அவரே வழியும் சொன்னார். "வாயாலை சொல்லி இதை மாத்தேலாது. கடிதத்தை வெட்டக் கடிதம்தான் வேணும். அதே மெஷினிலை, அதே மாதிரி ஓரம் விட்டு, ரத்துச் செய்யிறம் எண்டு ஒரு கடிதம் அடிச்சுக்கொண்டு வா. மிச்சத்தை நான் பாக்கிறன். ஆனால் அடிச்சது நீ எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது."

ஞாயிற்றுக்கிழமை வரை ஆண்டியப்பன் பேர் இல்லாத மனுசனாக இருந்தார். வேலி கட்டினார், கட்டிய வேலியைப் பிரித்துத் திரும்பவும் கட்டினார். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பூரணிக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அட்டனில் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அந்த மனுசன் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"கையெழுத்து நாலு வரிக்குள்ள அடங்கிச்சா?"

"அடங்கிச்சு மாஸ்டர். எங்கப்பாவுக்கு வேலதான் போயிருச்சு."

"நான் சொல்லல்லையா! நாலு வரி! நம்ம ஸ்கூல் கடிதாசியில ஒரு துரை கையெழுத்து வச்சிருக்காரு! மகள், வேலையெல்லாம் முடிஞ்சதும் அத இங்க தாங்க, கண்ணாடி போட்டுக் கீழ கடையில மாட்டுவோம்."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மனுசனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மாதிரிப் புத்தகத்தை எடுத்தார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். சரக்கு கேட்டு எழுதும் கடிதம் இருந்தது. சரக்கு வரவில்லை என்று எழுதும் கடிதம் இருந்தது. ஆளை நிறுத்த மூன்று மாதிரி. நிறுத்திய ஆளைத் திரும்ப எடுக்க? அட்டை முதல் அட்டை வரை தேடியும் ஒன்றுகூட இல்லை. அந்த வெள்ளைக்காரர்களுக்கு அப்படி ஒரு தேவையே வந்ததில்லை போலிருக்கிறது.

"இந்தா, இதப் பாருங்க" என்று மாஸ்டர் ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். துணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று ரத்துச் செய்யும் கடிதம். "இதுல துணி வர்ற எடத்துல வாப்பாவப் போடுங்க."

அப்படித்தான் அடித்தாள். இன்ன நம்பர் கடிதத்தின் மூலம் ஆண்டியப்பன் தொடர்பாக அனுப்பிய அறிவித்தலை இத்தால் ரத்துச் செய்கிறோம். அது அனுப்பப்படாததாகவே கருதவும். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். முதல் காகிதம் சுண்டுவிரலால் கெட்டது. இரண்டாவது கண்ணீர் பட்டு ஊறியது. மூன்றாவதை அடித்து முடித்ததும் மாஸ்டர் நாடா வைத்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் பின்பக்கம் அருளம்பலம் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பூரணி கூடையோடு தேயிலைச் செடிக்கு நடுவே நின்றாள். கொழுந்து என்று முற்றின இலையைப் பறித்துப் போட்டு, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். துரை கேள்வி கேட்டால்? தூக்கி எறிந்தால்? கிளாக்கர் பயந்துபோய் உண்மையைக் கக்கிவிட்டால்?

நடந்ததைக் கிளாக்கரே பின்னால் சொன்னார். துரை கேட்டாராம், "இந்த ஆளை எதுக்கு நிறுத்தினோம்?" கிளாக்கருக்கு வேர்த்தது. அடுத்துக் கேட்டாராம், "இப்போது எதுக்குத் திரும்ப எடுக்கிறோம்?" கிளாக்கர் கடிதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாராம். துரை காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாராம். "நன்றாக அமைந்திருக்கிறது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். ஒரு குடும்பம் தெருவுக்குப் போனதும் திரும்ப வந்ததும் ஒரே அழகில் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை "ஆண்டியப்பன்" என்றார். "ஐயா!" என்று இவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற நாய் எழுந்து ஓடியது.

அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது, அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் புள்ள, அந்தக் கடுதாசியில எம் பேர எதுக்குப் போட்ட?"

"தெரிஞ்ச பேரப் போடச் சொன்னாங்கப்பா."

"துரை பேரும் ஒனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். அவர கீழ போட்டேன். கையெழுத்துப் போடுற எடத்துல."

"ம்." அவர் தேத்தண்ணியை ஊதினார். "மேல போட்டிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பூரணிக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? நிறுத்துகிற கடிதம் என்றதும் கை தானாக லயத்துப் பேரைத் தேடிப் போனது. இடப்பக்கம் துரை பேரை அடிக்கக் கூடாது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. மெஷினுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். தனக்குத்தான் அது தோன்றவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளாகவே ஒரு பாடம் அடித்தாள். அதே ஓரம், அதே கோடு. இடப்பக்கம் துரையின் பேர், பெரிய பங்களா, கல்லுமலைத் தோட்டம். ஐயா, தங்கள் சேவை இந்தத் தோட்டத்துக்கு இனித் தேவையில்லை என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறோம். பங்களாவைக் காலி செய்து ஒப்படைக்கவும். நாலு வரி விட்டு, கீழே எஸ். ஆண்டியப்பன்.

அதை லயத்தில் தமிழில் வாசித்துக் காட்டியபோது அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "பங்களாவக் காலி பண்ணிட்டுத் தொரைச்சாணி இந்தக் காம்பராவுக்கா வரும்? அடுப்பு ஊதச் சொல்லு!" என்றாள். டைப்பிங் படிப்பைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல பேச்சு அதுதான்.

"கையெழுத்துப் போடுங்கப்பா" என்று பூரணி பேனாவைக் கொடுத்தாள்.

ஆண்டியப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்கும் மனுவில் கைநாட்டு வைத்தால் மதிக்கமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, சிலேட்டில் எழுதி எழுதிப் பழகியது. மனு தள்ளுபடியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு அதைப் போடுவதற்கு ஒரு காகிதம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக எழும்பி, மேலே உள்ள 'உண்மையுள்ள'வில் முட்டி, கீழே அவர் பேரிலேயே ஏறி உட்கார்ந்தன.

"எரிச்சுருவோமாப்பா?" என்று கேட்டாள் பூரணி. கையெழுத்து விழுந்த காகிதம் என்ன செய்யும் என்று பட்டவள் அவள்.

"இருக்கட்டும் புள்ள" என்று அவர் அதை டிரங்குப் பெட்டியின் அடியில், தள்ளுபடியான மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு நாள் மத்தியானம், பாதி வேலையில் ஆண்டியப்பன் லயத்துக்கு ஓடிவந்தார். மூச்சு இரைத்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்குக் காய்ச்சலென்று பூரணி வேலைக்குப் போகவில்லை.

"புள்ள! அந்தக் கடுதாசி எங்க?"

"எந்தக் கடுதாசி?"

"பெட்டியில வச்சதுதான்! துரைக்கு அடிச்சது! அத யாராச்சும் எடுத்துட்டுப் போனாங்களா?"

"இல்லப்பா. என்னா நடந்துச்சு?"

"பங்களா வாசல்ல லொறி நிக்குது. கட்டிலு மேசையெல்லாம் ஏத்துறாங்க. துரை போறாராம்!"

பூரணி பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பிறகு நிதானமாக விளக்கிச் சொன்னாள். அவர் அக்டிங் துரை. லீவில் போனவர் திரும்பி வருகிறார், அதனால் இவர் போகிறார். கிளாக்கரய்யா அப்போதே சொன்னார். இதற்கும் நம்ம கடுதாசிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "இது சும்மா பழகுறதுக்கு அடிச்சதுப்பா."

"அன்னைக்கும் அப்புடித்தான சொன்ன?" என்றார் அவர். "சும்மா பழகுறதுக்குத்தான்னு. எனக்குப் பேரு இல்லாமப் போச்சா இல்லையா?"

பூரணி காகிதத்தை மடித்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தாள்.

அவர் படியில் உட்கார்ந்து தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கீழே, தேயிலைச் சரிவுக்கு அப்பால், லொறி உறுமுகிற சத்தம் கேட்டது.

"தொரைச்சாணி கைப்புள்ளைய வச்சுக்கிட்டு வெளிய நிக்குது. பாக்கச் சகிக்கல. வேல போனா, வீடும் போனா, மனுசன் எங்க போவான்? எனக்குத் தெரியும் புள்ள அது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஞாயித்துக்கெழம போறப்ப அவருக்கும் ஒரு ரத்துக் கடுதாசி அடிச்சுட்டு வா. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. "சரிப்பா" என்றாள்.

அவர் எழுந்து, கத்தியை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குன்னா நாலு வரி பத்தாது புள்ள. எடம் கொஞ்சம் கூடவே விடு."